கடல் உயிர்காப்பாளர் தேர்வுக்கும் போட்டிகளுக்கும் வேண்டிய உடல்தகுதி என்ன? வேலூரிலிருந்து எப்படித் தயாராவது?

கேள்வி: கவுண்டன்யாக்கரை (குடியாத்தம்)

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தம் வட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். என்னிடம் படித்த இருவருக்காக இந்தக் கேள்வியைக் கேட்கிறேன்.

ஒருவன் சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவன். சிறு வயதில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு விவசாயக் கிணற்றில் நீந்தக் கற்றவன். ஆழத்தைப் பற்றிய அச்சம் துளியும் இல்லாதவன். சென்னைக் கடற்கரையிலோ கோவாவிலோ உயிர்காப்பாளராக வேலைக்குச் சேர வேண்டும் என்பது அவன் விருப்பம். மற்றொருவர் வேலூரில் கல்லூரி முதலாண்டு படிக்கும் மாணவி. மாவட்ட அளவிலான போட்டிகளில் ஃப்ரீஸ்டைல் நீந்தியவர். அவருடைய சித்தி குடும்பம் ஆஸ்திரேலியாவில் இருப்பதால் மேற்படிப்புக்கு அங்கே செல்லத் திட்டமிட்டிருக்கிறார். அங்குள்ள கடற்கரை உயிர்காப்பு மன்றம் ஒன்றில் சேர்ந்து போட்டிகளிலும் பங்கேற்க ஆசைப்படுகிறார்.

கடல் உயிர்காப்பாளருக்கு உடல்தகுதித் தேர்வு என்று எவற்றை வைக்கிறார்கள், போட்டிகளில் கலந்துகொள்ள அதற்கு மேலும் தகுதி வேண்டுமா, கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நம் ஊரில் இருந்துகொண்டே எந்த அளவுக்குத் தயாராக முடியும், கிணற்று நீச்சல் மட்டுமே அறிந்த பையனை இந்த வழியில் அனுப்பலாமா என்பவை என் ஐயங்கள்.

சென்னைக்கு அருகில் உள்ள ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தபோது, நீச்சல் தேர்வு எதுவும் இல்லாமலேயே மூன்று நாளில் சான்றிதழ் தந்துவிடுவதாகச் சொல்லி, அதற்குப் பெருந்தொகையும் கேட்டார்கள். பிள்ளையின் தந்தை அந்தப் பணத்தைக் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டியிருக்கும். ஆகையால் விவரம் அறிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: சத்துவாச்சாரி நீந்துநர்

வணக்கம் ஐயா. முதலில், அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம். நீந்த வைத்துப் பார்க்காமல் உயிர்காப்பாளர் சான்றிதழ் தருகிற இடம் எதுவாக இருந்தாலும் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. வேலைக்கு எடுப்பவர்கள் முதல் நாளே தண்ணீரில் இறக்கித்தான் பார்ப்பார்கள்.

வேலூரில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத் தருபவன் என்ற முறையில், குளத்தில் செய்யக்கூடியவற்றை மட்டும் நான் சொல்கிறேன். கடலைப் பற்றிக் கடலில் நிற்பவர்கள் சொல்வதே முறை.

உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே தேர்வு கிடையாது. ஆஸ்திரேலியாவில் தன்னார்வலராகக் கடற்கரைக் காவலில் நிற்பதற்குரிய அடிப்படைச் சான்றிதழான பிரான்ஸ் மெடாலியனுக்கு (Bronze Medallion, வெண்கலப் பதக்கம்) 400 மீட்டரை 9 நிமிடத்துக்குள் நீந்த வேண்டும். அமெரிக்காவின் உயிர்காப்புச் சங்கமான யுஎஸ்எல்ஏ, திறந்த கடலில் பணியாற்றுவோருக்குக் குறைந்தபட்ச அளவாக வைத்திருப்பது 500 மீட்டர், 10 நிமிடம். பிரிட்டனில் கடற்கரைகளைக் காக்கும் ஆர்என்எல்ஐ இன்னும் கடுமையானது: 400 மீட்டரை ஏழரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், அதிலும் முதல் 200 மீட்டர் மூன்றரை நிமிடத்துக்குள் வர வேண்டும். இதோடு, நீருக்கடியில் 25 மீட்டர் சென்று அப்படியே மேற்பரப்பில் இன்னொரு 25 மீட்டரை நீந்தி மொத்தம் 50 நொடிக்குள் முடிப்பதும், கடற்கரையில் 200 மீட்டரை 40 நொடிக்குள் ஓடுவதும் அவர்களுடைய தேர்வில் உண்டு.

இவற்றை 25 மீட்டர் குளத்தின் கணக்குக்குக் கொண்டுவந்தால்தான் பிள்ளைகளுக்குப் புரியும். 400 மீட்டர் என்பது 16 லேப். 9 நிமிடம் என்றால் 100 மீட்டருக்கு 2 நிமிடம் 15 நொடி. அமெரிக்க அளவில் அது சரியாக 2 நிமிடம். பிரிட்டனின் அளவில் 1 நிமிடம் 52 நொடியை ஒட்டி வரும். மாவட்டப் போட்டிகளில் ஃப்ரீஸ்டைல் நீந்திய உங்கள் மாணவிக்கு முதல் இரண்டும் சில வாரப் பயிற்சியில் வந்துவிடும். மூன்றாவதில்தான் சிக்கல். முதல் பாதியை விரட்டி நீந்திவிட்டு, களைத்த தோளோடு மறுபாதியை நான்கு நிமிடத்துக்குள் காப்பாற்றியாக வேண்டும். ஆபத்தில் இருப்பவரிடம் விரைந்து சென்று சேர்ந்த பிறகும் வேலை செய்ய வலு மிஞ்சியிருக்கிறதா என்பதை அந்த அமைப்பு நன்றாகவே சோதித்துவிடுகிறது.

இனிக் கிணற்றுப் பையனைப் பற்றி. நம் பக்கத்துக் கிணறுகள் முப்பது, நாற்பது அடி அகலம்தான். மோட்டார் கொட்டகை மேலிருந்து குதிப்பது, அடிமண்ணைத் தொட்டு எடுத்து வருவது, மூச்சடக்குவது ஆகியவற்றில் அந்தப் பிள்ளைகளை நகரத்துப் பிள்ளைகள் நெருங்க முடியாது. ஆனால் பத்துப் பன்னிரண்டு கைவீச்சுக்குள் சுவர் வந்துவிடுவதால் நீளமாக நீந்துவது என்பதே அவர்கள் உடலுக்குப் பழக்கப்படாத ஒன்று. குளத்தில் இறக்கிவிட்டால் முதல் 50 மீட்டரில் மீனைப் போலப் போவார்கள். 150 மீட்டரில் கை தளர்ந்து நின்றுவிடுவார்கள். அவர்களைக் கவனித்தால் தலை முழுநேரமும் தண்ணீருக்கு மேலேயே இருக்கும், இடுப்பு தாழ்ந்து கால்கள் கத்தரிக்கோல் போல விரிந்து உதைக்கும், மூச்சை நீருக்குள் விடாமல் மேலே வந்துதான் விடவும் இழுக்கவும் செய்வார்கள். களைப்புக்குக் காரணம் உடல்வலுக் குறைவு அன்று, இந்த மூச்சுதான்.

ஆகவே முதல் ஒரு மாதத்துக்குக் கடிகாரத்தையே காட்ட வேண்டாம். சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தை நீருக்குள் வைத்து மூச்சை விட்டு, தலையைப் பக்கவாட்டில் திருப்பி இழுக்கப் பழக்குங்கள். பிறகு 50 மீட்டர்களாகவும், அடுத்து 100 மீட்டர்களாகவும் இடையில் 20 நொடி ஓய்வு கொடுத்து எட்டுத் தடவை நீந்தச் சொல்லுங்கள். எட்டாவது நூறும் முதல் நூறும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்தால் 400 மீட்டர் தேர்வுக்கு அவன் தயார். தலையைத் தூக்கி நீந்தும் பழைய வழக்கத்தை முற்றிலும் அழித்துவிடவும் வேண்டாம். ஆபத்தில் இருப்பவரைக் கண்ணிலிருந்து விடாமல் நெருங்கும் கடைசித் தூரத்தில் உயிர்காப்பாளர்கள் அப்படித்தான் நீந்துகிறார்கள்.

நீருக்கடியில் நீந்தும் பயிற்சியில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஆழ ஆழமாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு மூழ்கினால், மூச்சு முட்டும் உணர்வு வருவதற்கு முன்பே நினைவு தப்பிவிடும். கரியமில வாயு குறைந்துவிடுவதால் உடலுக்கு எச்சரிக்கை கிடைப்பதில்லை. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். கரையில் ஒருவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்காமல் இந்தப் பயிற்சியைச் செய்யவே கூடாது. கிணற்றில் அறவே கூடாது.

மணலில் ஓடுவதற்கு நமக்குப் பாலாறு இருக்கிறது. காய்ந்த ஆற்றுமணலில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவனுக்குக் கடற்கரை மணல் புதிதாக இருக்காது. விடியற்காலையிலேயே முடித்துவிட வேண்டும். மே மாத வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மணல் அள்ளிய குழிகளில் தேங்கிய நீரில் யாரையும் இறங்க விடாதீர்கள். விளிம்பு சரியும், அடியில் சேறு, ஆழமும் கணிக்க முடியாது.

பதில்: வாலாஜா – நியூகாசில்

வணக்கம். வாலாஜாபேட்டையில் பிறந்து இப்போது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வசிக்கிறேன். இங்குள்ள மன்றம் ஒன்றில் தன்னார்வலராகக் காவல் பணி செய்கிறேன். மாணவிக்குப் பயன்படக்கூடியதை எழுதுகிறேன்.

முன்னவர் சொன்ன 400 மீட்டர் நீச்சல் பிரான்ஸ் மெடாலியனுக்கு நுழைவாயில் மட்டுமே. அதைத் தாண்டியவர்களுக்குத்தான் கடலில் பயிற்சி தொடங்கும். பயிற்சியின் முடிவில் 200 மீட்டர் ஓட்டம், உடனே கடலில் 200 மீட்டர் நீச்சல், மீண்டும் 200 மீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றையும் சேர்த்து 8 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். எண்களாகப் பார்த்தால் எளிதாகத் தோன்றும். ஆனால் ஓடிவந்து நெஞ்சு படபடக்கும் நிலையில் அலைக்குள் நுழையும்போது மூச்சு ஒழுங்குக்கு வராது. நீந்தி முடித்து எழுந்து நிற்கையில் கால்கள் துவண்டு போகும். தோளுக்குப் போயிருந்த இரத்தம் காலுக்குத் திரும்ப வேண்டாமா? தங்கைக்கு ஊரிலேயே இதைப் பழக்கலாம். மைதானத்தில் 200 மீட்டர் ஓடி முடித்த கையோடு குளத்தில் குதித்து 8 லேப் நீந்திவிட்டு, மேலேறி ஈரத்தோடு மறுபடியும் 200 மீட்டர் ஓடட்டும்.

குறைந்தபட்ச வயது 15. நீச்சலோடு, ரெஸ்க்யூ டியூப் என்னும் நீண்ட மிதவை கொண்டும் ரெஸ்க்யூ போர்டு என்னும் மிதவைப் பலகை கொண்டும் ஒருவரை மீட்டுக் கரை சேர்ப்பது, சிபிஆர் (மார்பை அழுத்தி, மூச்சு கொடுக்கும் முதலுதவி), முதுகெலும்பில் அடிபட்டவரை அசையாமல் தூக்குவது, கைச்சைகைகள், வாக்கி டாக்கியில் பேசும் முறை ஆகிய எல்லாவற்றிலும் தேற வேண்டும். ஒருமுறை தேறிவிட்டால் வாழ்நாள் முழுவதும் போதும் என்பதும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்த ஓட்டம், நீச்சல், ஓட்டத்தை மறுபடியும் செய்து காட்டினால்தான் காவலில் நிற்கும் தகுதி தொடரும். இருபது வயதுக்காரருக்கும் அறுபது வயதுக்காரருக்கும் அதே 8 நிமிடம்தான்.

போட்டியைப் பற்றி ஐயா கேட்டிருந்தார். இங்கே விளையாட்டு வீரர், உயிர்காப்பாளர் என்று இரண்டு தனி வகுப்புகள் இல்லை. மூத்த பிரிவுகளில் போட்டியிட விரும்புகிறவர் பிரான்ஸ் மெடாலியன் பெற்றிருக்க வேண்டும், அந்த ஆண்டின் தகுதித் தேர்வை முடித்திருக்க வேண்டும், குறிப்பிட்ட மணிநேரம் கடற்கரையில் காவல் நின்றிருக்கவும் வேண்டும். எவ்வளவு வேகமாக நீந்தினாலும், சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு இடையே குளிப்பவர்களைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்ற நேரம் கணக்கில் இல்லாவிட்டால் தேசியப் போட்டிக்குப் பெயர் கொடுக்க முடியாது. இதைவிட நியாயமான விதியை நான் வேறெந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை.

போட்டிகள் இரு வகை. கடலிலும் மணலிலும் நடப்பவை ஒன்று. அலைகளைத் தாண்டி மிதவைகளைச் சுற்றி நீந்தி வரும் சர்ஃப் ரேஸ், போர்டில் முழந்தாளிட்டுத் துடுப்பாகக் கைகளை வீசி விரையும் போர்டு ரேஸ், நீச்சல், போர்டு, சர்ஃப் ஸ்கீ (துடுப்பால் செலுத்தும் நீண்ட ஒல்லியான படகு) ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் செய்து ஓட்டத்தோடு முடிக்கும் ஓஷன்மேன், ஓஷன்வுமன் போன்றவை அதில் அடக்கம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உடனே கைவரக்கூடியது பீச் ஃபிளாக்ஸ் என்று எனக்குத் தோன்றுகிறது. மணலில் குப்புறப் படுத்து, கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இலக்குக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். விசில் ஊதியதும் எழுந்து திரும்பி 20 மீட்டர் ஓடி, மணலில் நட்டிருக்கும் குழாய்த் துண்டு ஒன்றைப் பாய்ந்து பிடிக்க வேண்டும். ஆட்களைவிடத் துண்டுகள் குறைவாக இருக்கும், கிடைக்காதவர் வெளியேறுவார். கபடி ஆடியவர்களின் கால்வேகம் இதற்குப் பொருத்தமானது. பாலாற்று மணலிலேயே பழகலாம், செலவே இல்லை.

மற்றது நீச்சல் குளத்தில் நடப்பது. நீரில் மூழ்கியிருக்கும் மேனிகின் என்னும் பொம்மையை எடுத்து இழுத்து வருவது, குறுக்கே தொங்கும் தடுப்புகளின் அடியில் புகுந்து 200 மீட்டர் நீந்துவது, 12.5 மீட்டர் தொலைவில் நீரில் இருப்பவருக்குக் கயிறு வீசி இழுத்துக் கரை சேர்ப்பது என்று இருக்கும். 50 மீட்டர் மேனிகின் போட்டியில் முதல் 25 மீட்டரை ஃப்ரீஸ்டைலில் நீந்தி, மூழ்கிப் பொம்மையை எடுத்து, அதன் முகம் நீருக்கு மேலே இருக்கும்படி மிச்சத் தூரத்தைக் கடக்க வேண்டும். கிணற்றின் அடிமண்ணை எடுத்துப் பழகிய அந்தத் தம்பிக்கு இது மிகவும் பொருந்தும். சர்வதேச உயிர்காப்புக் கூட்டமைப்பான ஐஎல்எஸ் இரு வகையிலும் உலகப் போட்டிகளை நடத்துகிறது. 1985 முதல் உலக விளையாட்டுகளிலும் உயிர்காப்புப் போட்டி இடம்பெற்று வருகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கோல்டு கோஸ்ட்டில் குராவா கடற்கரையில் நடந்த தேசியப் போட்டிகளில், 2010-இலும் 2012-இலும் இளம் வீரர்கள் கொந்தளித்த கடலில் உயிரிழந்தார்கள். 2012-இல் இறந்தவனுக்கு வயது 14. அவர்கள் எல்லோரும் நன்றாக நீந்தக்கூடியவர்கள், கடலோரத்திலேயே வளர்ந்தவர்கள். அலை பெரிதாக இருக்கும் நாளில் போட்டியிலிருந்து விலகிக்கொள்ளலாம், விலகுவதில் இழுக்கு ஒன்றுமில்லை என்பதைத் தங்கையிடம் இப்போதே சொல்லி அனுப்புங்கள்.

பதில்: அரக்கோணத்தான்

வணக்கம் ஐயா. சொந்த ஊர் அரக்கோணம். வேலை சென்னைக்குத் தெற்கே கடற்கரையில். பையனுக்கான பதில் என்னுடையது.

இந்தியாவில் முழுநேர வேலையாக இது அதிகமாகக் கிடைக்கும் இடம் கோவா. அங்கே 2008 முதல் திருஷ்டி மரைன் என்ற நிறுவனம் அரசுக்காகக் கடற்கரைக் காவலை நடத்தி வருகிறது. சென்னையில் மெரினா போன்ற இடங்களில் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இந்தப் பணியில் இருக்கிறது. மீனவக் குடும்பத்து இளைஞர்களே பெரும்பாலும் உயிர்காப்பாளர்களாக நிற்கிறார்கள். சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் கடற்கரை, தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரப்படும் சர்வதேச நீலக்கொடிச் சான்றை 2021-இல் பெற்றது. அந்தச் சான்றுக்கு உயிர்காப்பாளர்கள் இருந்தாக வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. பயிற்சிக்கு, ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் கோவாவில் இயங்கும் தேசிய நீர் விளையாட்டு நிறுவனத்தையும், புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட ராஷ்ட்ரிய லைஃப் சேவிங் சொசைட்டியையும் நேரடியாக அணுகுங்கள். இரண்டாவது அமைப்பு ஐஎல்எஸ்ஸில் இந்தியாவின் சார்பில் உறுப்பினராக இருப்பது. இடைத்தரகர் எவரும் வேண்டாம்.

எங்கள் அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் பட்டாலியன் இருப்பதைப் பார்த்து, நேராக அதில் சேரலாம் என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்தப் படைக்கு நேரடி ஆள்சேர்ப்பு கிடையாது. மத்திய ஆயுதக் காவல் படைகளில் சேர்ந்தவர்களிலிருந்துதான் அதற்கு அனுப்புகிறார்கள். தம்பிக்கு அதில் நாட்டம் இருந்தால் முதலில் அந்தப் படைகளின் தேர்வை எழுத வேண்டும்.

இனிக் கடலைப் பற்றி. 400 மீட்டரை 9 நிமிடத்தில் நீந்துகிறவரின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.74 மீட்டர். கரையில் மோதிய அலைநீர் ஒரு வாய்க்காலாகச் சேர்ந்து கடலை நோக்கித் திரும்பிப் பாயும் இழுவை நீரோட்டம் சாதாரண நாளிலேயே நொடிக்கு 0.3 முதல் 0.6 மீட்டர் வேகத்தில் போகும், 2.4 மீட்டர் வரைக்கும் அளந்திருக்கிறார்கள். ஒலிம்பிக் நீச்சல் வீரரே அந்த வேகத்தை எதிர்த்து நீந்த முடியாது. ஆகவே தேர்வில் தேறியவர் என்பதற்காகக் கடல் அவருக்கு வழிவிட்டுவிடாது. நாங்கள் அதை எதிர்ப்பதே இல்லை. ஒருவர் இழுபட்டுப் போகும்போது அதே இழுப்பில் இறங்கி அதன் வேகத்திலேயே அவரிடம் போய்ச் சேருகிறோம். டியூப்பை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் இடத்துக்கு வந்த பிறகு அலையோடு கரைக்கு வருகிறோம். இதற்கு வேகத்தைக் காட்டிலும் கண் வேண்டும். இரு பக்கமும் நுரைத்து அலை உடைய, நடுவில் மட்டும் அலை உடையாமல் தண்ணீர் கறுத்துச் சலனமின்றித் தெரிகிறதே, வெளியூரிலிருந்து வருபவர்கள் அமைதியான இடம் என்று நம்பி அங்கேதான் குழந்தைகளை இறக்குகிறார்கள். இழுப்பு இருப்பதும் அங்கேதான். திருத்தணி, வேலூர், ஆம்பூர்ப் பக்கமிருந்து வேன் பிடித்து வரும் குடும்பங்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எங்களுக்குத் தொண்டை கட்டிவிடும்.

கிணற்றில் பழகியவர்களுக்குக் கடலில் ஏற்படும் முதல் தடுமாற்றம் தண்ணீர் நகர்வதுதான். கிணற்றில் மிதந்தால் விட்ட இடத்திலேயே இருப்பார்கள்; இங்கே நான்கு முறை மூச்சு விடுவதற்குள் வேறோர் இடத்தில் இருப்பார்கள். அலைக்கு முதுகைக் காட்டுவார்கள், வாயைத் திறந்து வைத்திருப்பார்கள். அலை வரும்போது மூழ்கி அடிமணலைப் பிடித்துக்கொண்டு, அது தலைக்கு மேல் கடந்த பிறகு உந்தி எழுவதைக் கற்றுக்கொடுத்தால், மூழ்கப் பழகிய பிள்ளைகள் விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள். உப்புநீரில் உடல் சற்று எளிதாக மிதப்பதும் அவர்களுக்குத் துணை.

ஆகையால் தம்பியைத் தாராளமாக அனுப்புங்கள். குளத்தில் 400 மீட்டர் கைவந்த பிறகு, கடல் ஓரளவு அமைதியாக இருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், கடலோரத்தில் சில வாரங்கள் தங்கிப் பழக ஏற்பாடு செய்யுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கரையில் புதியவர்களை இறக்கக்கூடாது. எந்த மாதமானாலும் தனியாக இறங்க அனுமதிக்காதீர்கள்.

பதில்: தொரப்பாடி செவிலியர்

வணக்கம் சார். உடல்தகுதியைப் பற்றிப் பேசும்போது கரைக்குக் கொண்டுவந்த பிறகு செய்ய வேண்டியதற்கும் உடல்வலு வேண்டும் என்பதைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். தரையில் முழந்தாளிட்டு இரண்டு நிமிடம் செய்தாலே நல்ல உடல்வாகு உள்ளவருக்கும் அழுத்தம் குறையத் தொடங்கும். நீந்திக் களைத்து வந்தவர் அதை உடனே செய்ய நேர்ந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எனவே நீச்சல் பயிற்சியின் கடைசிச் சுற்று முடிந்தவுடன், உடல் துவட்டுவதற்கு முன்பே, பயிற்சிப் பொம்மையின் மீது இரண்டு நிமிடம் அழுத்தப் பழக்குங்கள்.

நீரில் மூழ்கியவருக்கு மூச்சுதான் முதலில் நின்றிருக்கும். இதயம் அதன் பிறகே நிற்கும். ஆகவே அவருக்கு அழுத்தம் மட்டும் போதாது. வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பதும் அவசியம். ஐரோப்பிய வழிகாட்டுதலில் முதலில் ஐந்து முறை மூச்சு கொடுத்துவிட்டு, அதன் பிறகு 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடரச் சொல்கிறார்கள். நம் ஊர்களில் இன்றும் மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதையும், வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவதையும் பார்க்கிறோம். நுரையீரலுக்குள் போன நீர் அதனால் வெளியே வராது. வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழலை அடைக்கவும் கூடும். பொன்னான நிமிடங்களும் போய்விடும். உங்கள் இரண்டு மாணவர்களும் இதைக் கற்றுக்கொண்டால், கடலுக்குப் போகும் முன்பே நம் ஏரிகளிலும் கிணறுகளிலும் ஓர் உயிரைக் காப்பாற்ற முடியும்.

கண்ணையும் காதையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கிணற்றில் குதித்து வளர்ந்த பிள்ளைகளில் சிலருக்குச் செவிப்பறையில் பழைய ஓட்டை இருக்கும். அவர்களே அதை அறிந்திருக்க மாட்டார்கள்.

கவுண்டன்யாக்கரை (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பையனின் தந்தையிடம் பேசிவிட்டேன். பணம் கட்டுவதை நிறுத்திவிட்டார். இன்னும் ஒரே ஓர் ஐயம். மாணவியின் வீட்டில், வெயிலிலும் உப்புநீரிலும் பெண்பிள்ளை இப்படிப் பாடுபட வேண்டுமா, தேர்வில் பெண்களுக்கு ஏதேனும் சலுகை உண்டா என்று கேட்கிறார்கள். நீச்சலுடையைப் பற்றியும் தயக்கம் இருக்கிறது. என்ன பதில் சொல்லலாம்?

பதில்: வாலாஜா – நியூகாசில்

தேர்வில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தூரம், ஒரே நேரம்தான் ஐயா. மூழ்குகிறவரின் எடை காப்பாற்றுகிறவரைப் பார்த்துக் குறைவதில்லை அல்லவா? போட்டிகளில் மட்டும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. உடையைப் பொறுத்தவரை, காவலில் நிற்கும்போது எல்லோருக்கும் நீண்ட கை வைத்த மஞ்சள் சட்டையும் சிவப்புக் கால்சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியும்தான் சீருடை. வெயிலுக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் பயிற்சியின்போது உடலை மூடும் ராஷ் வெஸ்ட் அணிபவர்கள் ஏராளம். எங்கள் மன்றத்தில் ஆண்களுக்குச் சரிசமமாகப் பெண்கள் காவல் நிற்கிறார்கள். தாயும் மகளுமாக வருபவர்களும் உண்டு. தங்கையின் அம்மா விரும்பினால் அவர்களில் யாரோடாவது காணொளி அழைப்பில் பேச வைக்கிறேன். நமக்குள் தனிச்செய்தியில் நேரத்தை முடிவு செய்துகொள்ளலாம்.

பதில்: சத்துவாச்சாரி நீந்துநர்

ஐயா, இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாகவே பயிற்சிக்கு அழைத்து வாருங்கள். மாணவிக்கு நீளமாக நீந்தத் தெரியும், மூழ்கிப் பழக்கமில்லை. பையனுக்கு மூழ்கத் தெரியும், நீளம் வராது. ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கட்டும். நான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மற்றப் பிள்ளைகள் வருவதற்கு முன் குளம் காலியாக இருக்கும். முதல் நாளில் 400 மீட்டரை எவ்வளவு நேரமானாலும் நிற்காமல் நீந்த முடிகிறதா என்று மட்டும் பார்ப்போம். நீச்சல் கண்ணாடியும் தலை மறைக்கும் தொப்பியும் கொண்டு வந்தால் போதும். மேனிகினுக்குப் பதிலாக நீர் நிரப்பிக் கட்டிய பழைய பிளாஸ்டிக் கேன் ஒன்றை நான் எடுத்து வருகிறேன்.